எம்.எல்.எம்.-ல ஜெயிக்க என்னதான் வேணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை பெரும்பாலும் அப்படியே விட்டு, நீளத்தை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவருக்கு சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், வேலை சென்னையில. "அண்ணா, எங்க அம்மா ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனில சேர்ந்துட்டாங்க. வேணாம்னு சொன்னா வீட்ல சண்டை. சரி, சேர்ந்தாச்சு. இதுல ஜெயிக்க என்ன வேணும்னாவது சொல்லுங்க, நான் அவங்களுக்கு ஹெல்ப் பண்றேன்."

நேர்மையான கேள்வி. யூடியூப்ல இதே கேள்விய தேடினா தன்னம்பிக்கை, பொறுமை, விடாமுயற்சி, பெரிய கனவு இதெல்லாம் வேணும்னு சொல்லுவாங்க. நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒரு சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்னா, உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருது, யாருக்கு வருதுன்னு பார்க்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. இன்னைக்கு அதைத்தான் செய்யப் போறோம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் வெளிய நின்னு கல்லெறியற ஆள் இல்லை. நானும் உள்ள இருந்தவன்தான்.

மூணாவது வருஷம், ஒரு கல்யாண மண்டபம்

எனக்கு ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். 2016-ல தஞ்சாவூர்ல எஞ்சினியரிங் மூணாவது வருஷம் படிச்சிட்டு இருந்தேன். சீனியர் ஒருத்தர் "ஒரு பிசினஸ் மீட்டிங், சும்மா வந்து பாரு"ன்னு கூட்டிட்டுப் போனார். கல்யாண மண்டபத்துல ஏசி, மைக், கோட்டு போட்ட ஆட்கள். மேடையில ஏறின ஒவ்வொருத்தரும் "நானும் ஒரு காலத்துல பஸ்ல போனவன்தான்"னு ஆரம்பிச்சாங்க. கம்பெனி பேர் வேண்டாம். 8,500 ரூபாய் கட்டினேன். சோப்பு, பேஸ்ட், சத்து மாவு எல்லாம் போட்ட ஒரு பெட்டி கொடுத்தாங்க.

அந்த வருஷம் டெல்டாவுல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கல. செப்டம்பர்ல திறந்தும் தண்ணி கடைசி வரை நிக்கல, மழையும் ஏமாத்திடுச்சு. புது ஆத்துல மணல்தான் தெரிஞ்சது. சம்பா கருகிப் போச்சு. 2017 ஜனவரியில மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சது.

அந்த ஜனவரியிலதான் நான் என் ஸ்கூல் ஃப்ரெண்டைப் பார்க்கப் போனேன். பேர் சொல்ல மாட்டேன், நாங்க "மாப்ள"ன்னுதான் கூப்பிட்டுக்குவோம். அவங்க வீட்டுக்கு ரெண்டரை ஏக்கர், அத்தனையும் காஞ்சு கிடக்கு. நான் அவன்கிட்ட சொன்னேன்: "விவசாயத்தை நம்பினா இப்படித்தான் மாப்ள. இது மழையை நம்பாத வருமானம்." இது என் சொந்த வசனம் இல்லை, எனக்கு மேல இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. அவங்க அம்மா தோட்டை சொசைட்டியில அடகு வச்சு அவன் சேர்ந்தான். அவனைச் சேர்த்ததுக்கு எனக்கு 800 ரூபாய் கமிஷன் வந்துச்சு.

இதைச் சொல்லாம மத்ததைச் சொன்னா நல்லா இருக்காது. சரி, இப்ப கணக்குக்கு வருவோம்.

காசு எந்தப் பக்கம் ஓடுது?

எல்லா எம்.எல்.எம். திட்டத்துலயும் ரெண்டு விதமான வருமானம் இருக்கும். ஒண்ணு, பொருளை வாங்கின விலைக்கு மேல வித்தா கிடைக்கிற லாபம். இதுல எந்த மர்மமும் இல்லை, எந்த மளிகைக் கடைக்காரரும் செய்றதுதான். ரெண்டாவது, நீங்க சேர்த்தவங்க, அவங்க சேர்த்தவங்க வாங்கற பொருளுக்கு உங்களுக்கு வர்ற கமிஷன். உங்களுக்கு மேல இருக்கிறவங்க அப்லைன், கீழ இருக்கிறவங்க டவுன்லைன்.

மேடையில பேசறது பூரா ரெண்டாவதைப் பத்திதான். ஏன்னா பேஸ்ட்ல முப்பது ரூபா லாபம் வெச்சு வித்து யாரும் கார் வாங்க முடியாது.

டெல்டாக்காரங்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். மேட்டூர்ல திறக்கிற தண்ணி கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிஞ்சு, வாய்க்கால் வாய்க்காலா கடைமடைக்குப் போகணும். பேராவூரணி பக்கம் இருக்கிறவங்களைக் கேளுங்க, கடைமடைன்னா என்னன்னு சொல்லுவாங்க. தண்ணி வருமா வராதாங்கிறது அவங்க உழைப்பைப் பொறுத்தது இல்லை, அவங்க நிலம் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. எம்.எல்.எம்.-லயும் உங்க இடம்தான் முடிவு பண்ணும். ஒரே வித்தியாசம், இங்க ஓட்டம் தலைகீழ். கடைமடையில இருக்கிறவங்க பையிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு மதகுலயும் கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு, தலைமடைக்குப் போகுது.

அஞ்சு பேர் கணக்கு

"நீங்க அஞ்சு பேரை மட்டும் சேருங்க, அந்த அஞ்சு பேர் ஆளுக்கு அஞ்சு பேரைச் சேர்க்கட்டும்." இதை வெள்ளை போர்டுல வட்டம் வட்டமா போட்டுக் காட்டுவாங்க. வழக்கமா மூணாவது, நாலாவது லெவல்லயே நிறுத்திடுவாங்க. நாம நிறுத்த வேண்டாம்.

முதல் லெவல்ல 5. அடுத்து 25, 125, 625, 3,125. ஆறாவது லெவல்ல 15,625. ஏழுல 78,125. எட்டுல 3,90,625. ஒன்பதுல 19,53,125. உங்களையும் சேர்த்து எல்லாரையும் கூட்டினா 24,41,406 பேர்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தஞ்சாவூர் மாவட்டத்துல மொத்தம் இருக்கிறதே 24,05,890 பேர்தான். தொட்டில்ல இருக்கிற குழந்தை, நடக்க முடியாத தாத்தா எல்லாரும் இதுல அடக்கம். அதாவது ஒன்பதாவது லெவல் முடியறதுக்குள்ள மாவட்டமே தீர்ந்துபோச்சு. பன்னிரண்டாவது லெவல்ல தமிழ்நாடு தீர்ந்துடும். பதிமூணாவதுல கூட்டுத்தொகை 152 கோடி, இந்தியாவும் தீர்ந்துடும். இத்தனைக்கும் நாம ஒரே ஒரு ஆள்ல இருந்து ஆரம்பிச்ச கணக்கு இது. நிஜத்துல ஒரே ஊர்ல நூறு பேர் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இந்த மரம் எந்த லெவல்ல நின்னாலும் கடைசி லெவல்ல இருக்கிறவங்க மொத்தத்துல ஏறக்குறைய 80 சதவீதம். அவங்களுக்குக் கீழ யாருமே இல்லை. கடைசி ரெண்டு லெவலையும் சேர்த்தா 96 சதவீதம். அதாவது எல்லாரும் சொன்ன பேச்சு கேட்டு, ஒருத்தர்கூட சோம்பேறியா இல்லாம, அத்தனை பேரும் ஆளுக்கு அஞ்சு பேரைச் சேர்க்கப் பாடுபட்டாலும், எந்த நேரத்துல பார்த்தாலும் நூத்துக்கு எண்பது பேர் கையில டவுன்லைன் கமிஷன் ஒரு பைசா இருக்காது. அவங்க முயற்சி பண்ணலைங்கிறதால இல்லை. அந்த மரத்தோட வடிவமே அப்படி.

மீட்டிங்ல "தோத்தவங்க எல்லாம் பாதியில விட்டவங்க"ன்னு சொல்லும்போது நான் தலையாட்டினேன். பி.இ. படிக்கிறவன், பெருக்குத் தொடர் பாடம் படிச்சவன், உக்காந்து ஒரு தடவை கூட்டிப் பார்க்கல. இன்னைக்கும் எனக்கு வெட்கமா இருக்கிறது அதுதான்.

அப்ப ஜெயிக்கிறவங்க இல்லையா?

இருக்காங்க. மேடையில நிக்கிறவங்க எல்லாரும் வாடகைக் கோட்டு போட்ட பொய்யர்கள்னு நான் சொல்ல வரல. உண்மையாவே சம்பாதிச்சவங்க உண்டு. அவங்ககிட்ட என்ன இருந்துச்சுன்னு பார்த்தா நாலு விஷயம் தெரியுது.

முதல்ல, நேரம். திட்டம் ஒரு ஊருக்கு வரும்போது முதல் ஆட்கள்ல ஒருத்தரா சேர்ந்திருக்கணும். ஏற்கனவே ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா அதே சத்து மாவை வித்துட்டு இருந்தா, உங்களுக்கு அது தலைமடை இல்லை.

ரெண்டாவது, பெரிய சொந்தக்கார வட்டம், அதுவும் உங்க பேச்சுக்கு மதிப்பு கொடுக்கிற வட்டம். வாத்தியார், வங்கி ஊழியர், ஊர்ல நல்ல பேர் எடுத்தவங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறது இதுக்குத்தான்.

மூணாவது, ஓயாம ஆள் சேர்க்கிற மனசு. சேர்ந்தவங்க சில மாசத்துல விலகிடுவாங்க. அடியில ஓட்டையுள்ள குடம் மாதிரி, நீங்க ஊத்திக்கிட்டே இருக்கணும். "ஒரு தடவை உழைச்சா போதும், அப்புறம் தூங்கும்போதும் வருமானம்"னு சொல்றாங்களே, அது நடக்காததுக்குக் காரணம் இதுதான்.

நாலாவது, யாரும் மேடையில சொல்லாதது. கீழ இருக்கிறவங்க நஷ்டப்படறது தெரிஞ்சும் அடுத்த ஆள்கிட்ட அதே வசனத்தைச் சொல்ற தைரியம். எனக்கு அது பத்து மாசம் இருந்துச்சு.

அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பர்ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. 70 எம்.எல்.எம். கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களைப் படிச்சாங்க. பெரும்பாலான திட்டங்கள்ல பெரும்பாலான உறுப்பினர்களுக்குக் கிடைச்சது வருஷத்துக்கு ஆயிரம் டாலர், இல்லைன்னா அதுக்கும் கீழ. அதாவது மாசம் 84 டாலருக்கும் கம்மி. அதுவும் செலவைக் கழிக்கறதுக்கு முன்னாடி. குறைந்தது 17 கம்பெனிகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கலை.

என் கணக்கையும் சொல்றேன். சேர்ற காசு 8,500. தகுதி போயிடக் கூடாதுன்னு மாசம் 1,500-க்குப் பொருள், எட்டு மாசம், 12,000. மீட்டிங் டிக்கெட், பஸ், சாப்பாடு 3,200. மொத்தம் 23,700. வந்தது, மூணு பேரைச் சேர்த்ததுக்கு 2,400, சில்லறை விற்பனையில 600. ஆக 20,700 நஷ்டம். அந்த சோப்பும் பேஸ்ட்டும் நாங்க பயன்படுத்தினோம்தான், அதையும் கழிச்சுக்கலாம். வேற கடையில வாங்கியிருந்தா ரெண்டாயிரம் ஆகியிருக்கும்.

சட்டம் எங்க கோடு போடுது?

எம்.எல்.எம். எல்லாமே சட்டவிரோதம்னு நினைக்கிறவங்க உண்டு. அப்படி இல்லை. இந்தியாவுல 1978-ல வந்த ஒரு சட்டம், பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். புது உறுப்பினர்களைச் சேர்த்தா சுலபமா, சீக்கிரமா பணம் வரும்னு சொல்ற திட்டங்களை அது தடை செய்யுது. பிறகு 2021 டிசம்பர்ல, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ நேரடி விற்பனை விதிகள் வந்துச்சு. அதன்படி பொருளை விக்கிற நேரடி விற்பனைக்கு அனுமதி உண்டு, பிரமிடு திட்டத்துக்குத் தடை. சேர்றதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும். மனசு மாறினா அபராதம் இல்லாம விலக ஒரு கால அவகாசம் தரணும். உங்களால விக்க முடிகிற அளவுக்கு மேல பொருளை உங்க தலையில கட்டக் கூடாது.

கோடு எவ்வளவு மெல்லிசுங்கிறதுக்கு ஆம்வே நல்ல உதாரணம். 1979-ல அமெரிக்காவுல அது பிரமிடு இல்லைன்னு அதே டிரேட் கமிஷன் சொல்லிச்சு. காரணம், வாங்கின பொருள்ல 70 சதவீதமாவது வித்திருக்கணும், பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையில வித்திருக்கணும், மிச்சத்தை கம்பெனி திரும்ப வாங்கிக்கணும்னு அவங்ககிட்ட விதிகள் இருந்துச்சு. ஆனா அதே தீர்ப்புல, வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்றதை நிறுத்தணும்னும் உத்தரவு போட்டாங்க.

இந்தியாவுல கதை வேற மாதிரி போச்சு. 2007-ல ஆந்திர உயர் நீதிமன்றம், அவங்க திட்டம் 1978 சட்டத்துக்குள்ள வர்ற மாதிரிதான் தெரியுதுன்னு சொல்லிச்சு. 2022 ஏப்ரல்ல அமலாக்கத் துறை 757 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கினாங்க. நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கிற அவங்க தொழிற்சாலையும் அதுல ஒண்ணு. 2002-03-ல இருந்து இருபது வருஷத்துல அந்த நிறுவனம் 27,562 கோடி வசூலிச்சு, 7,588 கோடி கமிஷனா கொடுத்ததுன்னும், பொருள்ங்கிறது ஒரு முகமூடிதான்னும் அமலாக்கத் துறை சொல்லிச்சு. இது 2011-ல இருந்து நடக்கிற விசாரணை, நாங்க முழுசா ஒத்துழைச்சிட்டு வர்றோம்னு நிறுவனம் பதில் சொல்லிச்சு. குற்றச்சாட்டு வேற, தீர்ப்பு வேற. அதை மனசுல வெச்சுக்கிட்டே கேளுங்க.

இன்னொரு காட்சியையும் மறக்க முடியல. 2024 ஜனவரி, கோயம்புத்தூர். மொபைல்ல விளம்பரம் பார்த்தா காசு, ஆள் சேர்த்தா இன்னும் காசுன்னு சொன்ன மைவி3 ஆட்ஸ் மேல போலீஸ் வழக்கு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்துல கூடினாங்க. பணத்தைத் திருப்பிக் கொடுன்னு கேட்க இல்லை, கம்பெனிக்கு ஆதரவா. பலர் அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கம்பெனி நின்னுபோச்சுன்னா, நாம சேர்த்துவிட்ட அத்தனை பேர் முகத்துலயும் நாளைக்கு முழிக்கணும். அந்த பயம் எனக்குத் தெரியும்.

மொய் நோட்டும் டவுன்லைனும்

பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும். கிடா வெட்டி சோறு போட்டு, ஊர் மொய் எழுதும். ஒரே நாள்ல லட்சக்கணக்குல பணம் சேரும். வெளியூர்க்காரங்க சிலர் "இதுவும் ஒரு எம்.எல்.எம். தானே"ன்னு கேட்டிருக்காங்க.

இல்லை. மொய்யில எனக்கு நீங்க ஐநூறு எழுதினா, உங்க விருந்துல நான் கூட கொஞ்சம் சேர்த்து எழுதணும். நோட்டுல பேர் இருக்கு. பணம் அதே ஆட்களுக்குள்ள சுத்தி வருது. புதுசா யாரும் சேரலைன்னாலும் அது ஓடும். தாங்க முடியாம கடன்பட்டவங்களும் உண்டு, அதை மறைக்கல. ஆனா அது ஓடறதுக்குக் காரணம் நம்பிக்கை.

எம்.எல்.எம். அந்த நம்பிக்கையைத்தான் விறகா எரிக்குது. நம்ம ஊர்ப்பக்கம் ஒரு அத்தை வந்து "இதை வாங்கிக்கடா"ன்னு கேட்டா யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டோம். அந்த "முடியாதுன்னு சொல்ல முடியாத" இடம் நம்ம குடும்பங்கள் பல தலைமுறையா சேர்த்து வெச்ச சொத்து. அதை ஒரு கம்பெனி இலவசமா எடுத்துக்குது.

அம்மாகிட்ட என்ன பேசறது?

அந்த வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு. முதல்ல, கிண்டல் பண்ணாதீங்க. வீட்டுலயே இருந்த ஒரு அம்மாவுக்கு மேடையில மைக் கொடுத்து, பேர் சொல்லி, கைதட்டியிருக்காங்க. நாம யாரும் அதைச் செய்யல. ஏமாந்துட்டீங்கன்னு சொன்னா அவங்க இன்னும் இறுக்கமா அங்கதான் பிடிப்பாங்க.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க. "நான் கணக்கு எழுத ஹெல்ப் பண்றேன்"னு சொல்லுங்க. உள்ள போன ஒவ்வொரு ரூபாயும், வந்த ஒவ்வொரு ரூபாயும். ஆட்டோ காசு, மீட்டிங் டிக்கெட் உட்பட. மூணு மாசம் எழுதுங்க.

கூடவே சில கேள்வி. உறுப்பினரா இல்லாத யாராவது இந்தப் பொருளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கறாங்களா? கமிஷன் திட்டமே இல்லைன்னா இந்த விலைக்கு நாமளே வாங்குவோமா? புதுசா யாரையும் சேர்க்கலைன்னா அடுத்த மாசம் எவ்வளவு வரும்? விக்காத பொருளைத் திரும்ப எடுத்துக்குவாங்கன்னு எழுத்துல இருக்கா? சேர்றதுக்கே காசு கேட்டாங்களா?

இதுக்கெல்லாம் நல்ல பதில் வந்து, நோட்டுலயும் லாபம் தெரிஞ்சா, அம்மா ஒரு நல்ல விற்பனையாளர். அப்ப ஜெயிக்க வேணும்கிறது எந்தக் கடைக்காரருக்கும் வேணும்கிறதுதான்: நல்ல பொருள், நியாயமான விலை, திரும்ப வர்ற வாடிக்கையாளர். பதில் வரலைன்னா புதுசா ஒருத்தரைச் சேர்க்கறதுக்கு முன்னாடி நிறுத்துங்க. சொந்த நஷ்டம் காசோட போயிடும், சேர்த்துவிட்ட நஷ்டம் அப்படிப் போகாது. ஒப்பந்தத்தை எடுத்து, விலகற அவகாசம் இருக்கான்னு பாருங்க. காசு திரும்பி வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரிய அளவுல ஏமாத்தியிருந்தா பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் கொடுக்கலாம்.

மாப்ளையைப் பத்திக் கேப்பீங்க. அவன் யாரையுமே சேர்க்கல. "எனக்கே புரியாததை எப்படிடா இன்னொருத்தன்கிட்ட சொல்றது"ன்னான். வேலை கிடைச்சு மூணாவது சம்பளத்துல அவனுக்கு 8,500 அனுப்பினேன். "வந்துருச்சு"ன்னு ஒரு மெசேஜ். அவ்வளவுதான். அந்தத் தோடு அதுக்குள்ள ஏலத்துல போயிருந்தது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அவன் கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்குப் பத்திரிகை வந்துச்சு, அப்பா பேருக்கு. அப்பா போய் மொய் எழுதிட்டு வந்தார். நான் போகல. என்னைத் தனியா கூப்பிடல.

இந்த எபிசோடை அவனுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. உங்க வீட்ல யாராவது இதுல இருந்தா, இதை ஃபார்வர்டு பண்றதுக்குப் பதிலா பக்கத்துல உக்காந்து கணக்கு போடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், மக்களே.